எட்டாயிரம் ரூபாய்க்கு இருபது சென்ட்

1993 ஓணத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை, உதியன்குளங்கரைக்குப் பக்கத்தில் இருந்த அண்டி ஆபீசில் கூலியையும் போனஸையும் ஒன்றாகக் கொடுத்தார்கள். முந்திரிக்கொட்டை உடைக்கும் ஆலையை எங்கள் பக்கத்தில் அண்டி ஆபீஸ் என்றுதான் சொல்வோம். இருநூறு பெண்கள் வரிசையில் நின்றார்கள். சரோஜம் தன் கவரை வாங்கி, கொட்டை எண்ணெய் பட்டுக் கறுத்த விரல்களால் நோட்டுகளை ஒருமுறை புரட்டிப் பார்த்தாள். பிறகு வரிசையை விட்டு விலகிச் சுவரோரம் போய் நின்றாள். அப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது. பதினைந்து வயதில் அந்த ஆலைக்குள் நுழைந்தவள். கவரில் இருந்தது ஒன்றும் பெரிய தொகை அல்ல. ஆனாலும் அதைப் பார்த்ததும் அவளுக்கு ஒன்று உறைத்தது. எட்டாயிரம் ரூபாய் இப்போது எட்டாத தூரத்தில் இல்லை.

அந்த எட்டாயிரத்துக்குப் பதினாலு வருடக் கதை உண்டு.

சரோஜத்தின் கணவன் பொன்னுதாஸ் கொத்தனார். 1979இல் தனுவச்சபுரத்தில் ஒரு மாடி வீட்டுக்குப் பூச்சு வேலை நடந்தபோது சாரம் சரிந்து விழுந்தான். இடுப்பெலும்பும் வலது காலும் நொறுங்கின. திருவனந்தபுரத்தில் மூன்று மாதம் படுக்கை, இரண்டு அறுவை. செறுவாரக்கோணம் போகிற வழியில் அவர்களுக்குப் பறம்பு என்று சொல்கிற தோட்ட நிலம் இருபது சென்டும் அதில் ஓர் ஓட்டு வீடும் இருந்தன. பதினாலு தென்னை, ஒரு பலா, ஒரு கிணறு. ஆஸ்பத்திரிச் செலவுக்கு அதை விட்டால் வேறு எதுவும் இல்லை.

வாங்க முன்வந்தவர் பக்கத்துப் பறம்புக்காரர் சதானந்தன். ஒரு தனியார் பஸ் கம்பெனியில் கணக்கெழுதியவர். சொன்ன சொல் மாறாதவர் என்று பெயர். அன்றைய விலை சென்டுக்கு நானூறு. எட்டாயிரம் தருகிறேன், விலையாகவே எழுதிவிடலாம் என்றார். சுற்றியிருந்த எல்லோரும் அதுதான் நல்லது என்றார்கள். மூன்று வயதுப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்ற சரோஜம் மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை.

“விக்க மாட்டேன். ஒற்றி எழுதுங்க, மதி.”

ஒற்றி மட்டும் போதும் என்றாள். ஒற்றி என்றால் வாங்கிய பணத்துக்கு வட்டி கிடையாது. பணம் கொடுத்தவர் நிலத்தை வைத்துக்கொண்டு விளைச்சலை எடுத்துக்கொள்வார். பணத்தைத் திருப்பிக் கொடுக்கிற அன்று நிலம் திரும்பி வரும். சதானந்தன் சம்மதித்தார். அன்று ஆலையில் நாள் முழுக்க உடைத்தால் சரோஜத்துக்குக் கிடைத்தது ஐந்தரை ரூபாய். ஆலையும் வருடத்தில் பாதி நாள்தான் நடக்கும். ஒரு பைசா செலவழிக்காமல் சேர்த்தாலும் எட்டாயிரத்துக்கு எட்டு வருடம் ஆகும். விலை என்று எழுதினாலும் ஒற்றி என்று எழுதினாலும் நிலம் தன்னோடுதான் இருக்கும் என்று அவர் நினைத்ததில் தப்புச் சொல்ல முடியாது. பாறசாலை சப் ரிஜிஸ்திரார் ஆபீசில் பத்திரம் பதிவானது. அன்று சாயங்காலமே சரோஜம் பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டு, கணவனின் அண்ணன் பறம்பில் ஒரு மூலையில் கட்டிய ஓலைப்புரைக்குக் குடிபோனாள்.

பொன்னுதாஸ் எழுந்து நடக்க ஒன்றரை வருடம் ஆனது. சாரம் ஏற முடியாது என்று ஆகிவிட்டது. உட்கார்ந்து செய்கிற சின்னச் சின்ன வேலைகள் மட்டும் செய்தான். வீடு ஓடியது சரோஜத்தின் கையில்தான். 1987இல் நாலாயிரத்து ஐநூறு சேர்ந்தது. தபாலாபீஸ் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு சதானந்தனிடம் போய், பாதிப் பணத்துக்குப் பாதி நிலத்தையாவது விடச் சொல்லிக் கேட்டாள். மொத்தமாகக் கொண்டுவந்தால்தான் உண்டு என்றார் அவர். பத்திரமும் அப்படித்தான் சொன்னது. அந்த வருடம் ஜூனில் பிடித்த இடவப்பாதி மழையில் ஓலைப்புரை மொத்தமாகச் சாய்ந்தது. நாலாயிரத்து ஐநூறு மண்சுவராகவும் ஓடாகவும் மாறிப்போனது.

அதற்குப் பிறகு வந்த வருடங்கள்தான் எல்லாவற்றையும் மாற்றின.

தொண்ணூறு, தொண்ணூற்றொன்று முதல் விலைவாசி பிடித்து நிறுத்த முடியாதபடி ஓடியது எல்லோருக்கும் நினைவிருக்கும். அரி என்று நாங்கள் சொல்கிற அரிசி, மண்ணெண்ணெய், துணி, பஸ் கூலி என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. மற்ற எல்லோரையும் போலத்தான் சரோஜமும் திண்டாடினாள். ராத்திரிக்குச் சோற்றுக்குப் பதில் மரச்சீனிக்கிழங்கு வாரத்தில் மூன்று நாள் என்றிருந்தது ஐந்து நாள் ஆனது. ஆனால் அவளுக்கு ஒரு பிடிப்பு இருந்தது. கேரள ஆலைகளில் கூலியோடு பஞ்சப்படி உண்டு. அரசு கணக்கிடுகிற விலைப்புள்ளி ஏற ஏற, அதற்குத் தக்கபடி படியும் ஏறும். ஏறுவது தாமதமாகத்தான், விலையை எட்டிப் பிடிக்காமல்தான். ஆனாலும் ஏறியது. ஐந்தரை ரூபாய் கூலி, படியும் சேர்ந்து நாற்பதை ஒட்டி வந்து நின்றது. வாங்குகிற சாமானும் விலை ஏறிவிட்டதால், கூலி கூடியதாகவே யாருக்கும் தோன்றவில்லை. சரோஜத்துக்கும் தோன்றியதில்லை, அந்த வெள்ளிக்கிழமை வரைக்கும்.

சுவரோரம் நின்றபடி அவள் மனதில் போட்ட கணக்கு இவ்வளவுதான். அரி விலை ஏறியது, கூலி ஏறியது, தேங்காய் விலை ஏறியது, பறம்பின் விலை சென்டுக்கு ஐயாயிரம் ஆனது. பத்திரத்தில் எழுதிய எட்டாயிரம் மட்டும் எட்டாயிரமாகவே இருக்கிறது. அன்று அது ஆயிரத்து நானூறு நாள் உழைப்பு. இன்று இருநூறு நாள்.

இன்னொன்றும் அவளுக்குத் தெரிந்தே இருந்தது. ஆலை முதலாளி கேரள எல்லைக்கு அந்தப் பக்கம், தமிழ்நாட்டில், களியக்காவிளையைத் தாண்டி இன்னொரு ஆலை திறந்திருந்தார். அதே கொட்டை, அதே வேலை. ஆனால் அங்கே பஞ்சப்படி கிடையாது. நாலு வருடத்துக்கு முன்னால் பேசிய கூலிதான் அப்போதும். இந்தப் பக்கத்து ஆலையை வருடத்தில் நாலைந்து மாதம் திறந்தாலே அதிகம் என்ற நிலை வந்துவிட்டது. படி கொடுக்கிற இடத்தில் வேலை இல்லை, வேலை இருக்கிற இடத்தில் படி இல்லை. இந்த ஆலை என்றைக்கு ஒரேயடியாக மூடும் என்று யாருக்கும் தெரியாது. கையில் இருக்கிற கூலியை வைத்துச் செய்ய வேண்டியதை இப்போதே செய்துவிட வேண்டும். ஓணம் முடிந்த அடுத்த வாரமே அவள், இந்தப் பக்கம் வேலையில்லாத நாட்களில் அந்தப் பக்கத்து ஆலைக்கும் போக ஆரம்பித்தாள். காலை ஐந்தரைக்கு எழுந்து இரண்டு மைல் நடந்து பஸ் பிடித்தால்தான் எட்டு மணிக்கு அங்கே உட்கார முடியும்.

பணத்தை இந்தத் தடவை அவள் சேர்த்து வைக்கவில்லை. சேர்த்து வைத்த நாலாயிரத்து ஐநூறு என்ன ஆனது என்று பார்த்தவள் அவள். மழை கொண்டுபோகாவிட்டாலும் விலைவாசி கொண்டுபோயிருக்கும். ஆலைப் பெண்கள் நாற்பது பேர் சேர்ந்து மாதம் இருநூற்றைம்பது கட்டுகிற பத்தாயிரம் ரூபாய்ச் சிட்டியில், ஏலச் சீட்டில், சேர்ந்தாள். தைமாதம் ஏலத்தில், ஆயிரத்து எண்ணூறு தள்ளி, எட்டாயிரத்து இருநூறுக்குச் சிட்டியை எடுத்தாள். மற்றப் பெண்கள் அவளை முட்டாள் என்றார்கள். முழுப் பத்தாயிரமும் கிடைக்கிற மாதம் வரைக்கும் காத்திருக்கக் கூடாதா என்று கேட்டார்கள். அந்த மாதம் வரும்போது பத்தாயிரத்துக்கு என்ன மதிப்பிருக்கும் என்று அவள் திருப்பிக் கேட்டாள். இனி முப்பத்துநாலு மாதம் இருநூற்றைம்பது கட்ட வேண்டும். அதைப் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் நேராகச் சதானந்தன் வீட்டுக்குப் போனாள். எட்டாயிரத்தையும் மேசைமேல் வைத்து, பத்திரத்தைத் திருப்பித் தரவேண்டும் என்றாள்.

சதானந்தன் வேலையிலிருந்து ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியிருந்தது. தனியார் கம்பெனி என்பதால் பென்ஷன் இல்லை. கையில் வந்த நாற்பத்தாறாயிரத்தை நெய்யாற்றின்கரையில் ஒரு பாங்கில் போட்டிருந்தார். மாதம் வருகிற வட்டி நானூறு ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே. ஓய்வுபெற்ற வருடம் அந்த வட்டியில் மளிகை, பால், மீன், மருந்து எல்லாம் அடங்கியது. ஆறு வருடம் கழித்தும் வட்டி அதே நானூறுதான். அவருடைய மனைவி சுகுமாரி முன்பெல்லாம் காலையிலேயே நெய்மீன் வாங்குவாள். இப்போது மத்தியானம் வரைக்கும் காத்திருந்து, விலை இறங்கின சாளையை எண்ணி வாங்குவதை ஊர் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. மிச்சச் செலவை ஈடுகட்டியது சரோஜத்தின் பறம்பில் வெட்டுகிற தேங்காய். அதுமட்டுமல்ல, மகள் அமிர்தாவுக்குத் திருப்புறத்தில் ஒரு வரன் பேசியிருந்தார்கள். அந்த இருபது சென்டை மகளுக்கென்று சொல்லியிருந்தார்கள்.

அவர் நோட்டுகளைத் தொடவில்லை.

“சரோஜம், இந்தப் பைசாக்கு அன்னைக்கு அந்தப் பறம்பு மொத்தமும் எனக்க பேருல எழுதியிருக்கலாம். நீ ஒற்றி மதின்னு சொன்ன, நான் சம்மதிச்சேன். இன்னைக்கு இதுக்கு என்ன கிட்டும்? ஒண்ணரை சென்ட் கிட்டும்.”

“பதினஞ்சு வருசம் அண்ணன் தேங்கா வெட்டினீங்க. அதாக்கும் வட்டி. முதல் இதுதான். பத்திரத்துல அப்படித்தானே எழுதியிருக்கு.”

அதுவரை உள்ளே நின்றிருந்த சுகுமாரி வாசற்படிக்கு வந்தாள். அவள் குரலை உயர்த்தவில்லை.

“அந்த எட்டாயிரம் எனக்க பன்னெண்டு பவனாக்கும். உனக்க மாப்பிள ஆஸ்பத்திரியில கிடந்தப்போ, எனக்க கழுத்துலயும் கையிலயும் கிடந்தத வித்தாக்கும் இவரு தந்தது. இப்போ நீ தாற எட்டாயிரத்துக்கு ரெண்டு பவன் கிட்டும். மிச்சம் பத்து பவன் எங்க போச்சு?”

சரோஜத்துக்கு அது தெரியாது. அவர் கையிருப்பிலிருந்து கொடுத்தார் என்றுதான் பதினைந்து வருடமாக நினைத்திருந்தாள். நோட்டுகளைத் திரும்ப எடுத்துத் துணிப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த ஞாயிறு வருவதாகச் சொல்லிவிட்டு இறங்கினாள்.

அந்த வாரம் முழுக்க அவளுக்கு வேலை ஓடவில்லை. பத்து பவன் எங்கே போனது என்ற கேள்வி, கொட்டை உடைக்கிற ஒவ்வொரு அடிக்கும் கூடவே வந்தது. தான் எடுக்கவில்லை. சதானந்தனும் எடுக்கவில்லை. ஆனால் அது போய்விட்டது. போனதில் ஒரு பங்கு தன் பக்கம் வந்திருக்கிறது என்பதும் அவளுக்குப் புரிந்தது. எட்டாயிரம் சுருங்கியதால்தான் தன்னால் அதைத் திருப்ப முடிகிறது. அவர்களுடைய கையில் சுருங்கியது தன் கையில் லாபமாக நிற்கிறது. இதில் பாவம் உண்டா என்று பொன்னுதாஸிடம் கேட்டாள். அவன் இளகிய மனசுக்காரன். அவர்களும் கஷ்டத்தில் இருக்கிறார்கள், இன்னும் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்துவிடலாம் என்றான்.

சரோஜம் அதை ஏற்கவில்லை. தன் கூலி சுருங்கின நாட்களை அவள் மறக்கவில்லை. எல்லைக்கு அந்தப் பக்கம் நாலு வருடப் பழைய கூலிக்கு உடைக்கிறாளே, அந்தச் சுருக்கத்துக்கு யார் சேர்த்துக் கொடுத்தார்கள்? அதில் மிஞ்சினது முதலாளியின் பெட்டிக்குத்தான் போகிறது. விலை ஏறுவதில் ஒருவருக்குக் கிடைப்பது இன்னொருவருக்குப் போவதுதான் என்றால், பதினைந்து வருடம் மண்தரையில் கிடந்த தனக்கு ஒருதடவை கிடைத்ததை ஏன் கைவிட வேண்டும்? நிலம் வேண்டும். அதில் மாற்றமில்லை என்று கணவனிடம் சொல்லிவிட்டாள்.

அடுத்த ஞாயிறு போனபோது சதானந்தன் வேறொரு பேச்சோடு காத்திருந்தார். எட்டாயிரத்தை அவளே வைத்துக்கொள்ளட்டும், மேலும் இருபதாயிரம் தருகிறேன், நிலத்தை விலையாக எழுதித் தா என்றார். பாங்கில் கிடப்பதை உடைத்துத்தான் தரவேண்டும் என்பதையும் மறைக்காமல் சொன்னார். இரண்டும் சேர்ந்தால் சிட்டியை அடைத்துவிட்டு, குடியிருக்கிற புரையையும் கெட்டியாகக் கட்டலாம். பதினெட்டு வயது மகள் ஜோஸ்மிக்கு நாலு பவன் எடுக்கலாம். ஆனால் அந்த நிலத்தின் விலை இன்று ஒரு லட்சம். நாளை எவ்வளவு என்று சொல்ல ஆளில்லை. சரோஜம் வேண்டாம் என்றாள். அப்படியானால் கல்யாணம் முடிகிறவரை பொறு என்றார். எப்போது கல்யாணம் என்று கேட்டாள். தேதி இன்னும் குறிக்கவில்லை என்றார்.

திங்கட்கிழமை அவள் ஆலைக்குப் போகவில்லை. பத்திர நகலை எடுத்துக்கொண்டு நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்த வக்கீல் ஈசாக்கைப் போய்ப் பார்த்தாள். தொழிற்சங்கக்காரர்களின் வழக்குகளைப் பார்க்கிறவர், கூலிக்காரப் பெண்களோடு பேசிப் பழகியவர். அவர் பத்திரத்தை இரண்டு தடவை படித்தார். ஒற்றிக்கு முப்பது வருடம் வரைக்கும் மீட்பு உரிமை உண்டு, இதில் சந்தேகத்துக்கே இடமில்லை என்றார். சதானந்தன் வாங்க மறுத்தால் பணத்தைக் கோர்ட்டில் கட்டிவிடலாம், கோர்ட் அவருக்கு நோட்டீஸ் அனுப்பும். அப்போதும் மறுத்தால் வழக்கு. முடிய எவ்வளவு நாளாகும் என்று சரோஜம் கேட்டாள். சிலது ஆறு மாதம், சிலது ஆறு வருடம் என்று அவர் உண்மையைச் சொன்னார்.

“பைசாவக் கெட்டுங்க சார். ஆறு வருசம் ஆனாலும் நான் வருவேன்.”

மார்ச் மாதம் எட்டாயிரம் கோர்ட்டில் கட்டப்பட்டது. நோட்டீஸ் கிடைத்த அன்று சதானந்தன் சாப்பிடவில்லை என்று பின்னால் கேள்விப்பட்டாள். அவர் வாழ்நாளில் கோர்ட்டுப் படி ஏறியதில்லை. ஊரில் பேச்சு இரண்டாகப் பிரிந்தது. ஆபத்துக்கு உதவினவரைக் கோர்ட்டுக்கு இழுத்தாள் என்று சிலர். சொந்த மண்ணைக் கேட்பதில் என்ன தவறு என்று சிலர். கிணற்றடியில் பெண்கள் தன்னைக் கண்டதும் பேச்சை நிறுத்துவதை சரோஜம் கவனித்தாள். குடத்தை நிரப்பிக்கொண்டு, வழக்கம்போலத் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடந்தாள்.

ஜூன் மாதம் ஒருநாள் கோர்ட்டு வராந்தாவில் இரண்டு பேரும் நேருக்கு நேர் பார்த்துக்கொண்டார்கள். சதானந்தனும் ஒரு வக்கீலை வைத்திருந்தார். அந்த வக்கீல், பணத்தின் மதிப்பு சுருங்கிப்போனது என்பதைக் கோர்ட் கேட்காது, எட்டாயிரம் என்று எழுதியிருந்தால் எட்டாயிரம்தான் என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். பறம்பில் தாமே வைத்துப் பராமரித்த மரங்கள் இருந்தால் அவற்றின் விலையைக் கேட்டுப் பார்க்கலாம் என்றார். மரங்கள் இருந்தன. கிணற்றின் தெற்கே காலியாகக் கிடந்த இடத்தில் சதானந்தன் 1981இல் பத்துத் தென்னங்கன்று வைத்து, கோடையில் தாமே நீர் இறைத்து ஊற்றி வளர்த்திருந்தார். இப்போது அவை நல்ல காய்ப்பில் நின்றன. மரத்துக்கு ஆயிரம் வீதம் பத்தாயிரம் கேட்டார். வாங்கிய கடனைவிட அது அதிகம்.

ஈசாக் பத்திரத்தை விரித்து ஒரு வரியைக் காட்டினார். ஒற்றிக் காலத்தில் வைக்கிற மரங்களுக்கு விலை கேட்க உரிமையில்லை என்று அதில் எழுதியிருந்தது. இதைக் காட்டினால் போதும், ஒரு ரூபாய்கூடக் கொடுக்க வேண்டாம் என்றார்.

சரோஜம் வராந்தாவின் மறுகோடியில் பெஞ்சில் உட்கார்ந்திருந்த சதானந்தனைப் பார்த்தாள். வெளுத்துப்போன சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திருந்தார். காலர் கிழிந்து திருப்பித் தைத்திருந்தது. அவள் எழுந்து அவரிடம் போனாள். ஈசாக்கும் பின்னாலேயே வந்தார்.

“அண்ணா, பைசா சுருங்கினதுக்கு நான் பொறுப்பில்ல. அத நான் தரமாட்டேன். ஆனா அந்தப் பத்து மரம் நீங்க தண்ணி கோரி வளத்தது. அதுக்கு நான் பொறுப்பு.”

சதானந்தன் தலைநிமிர்ந்து பார்த்தார். பத்தாயிரம் தருவதாக இருந்தால் வழக்கை இன்றே விட்டுவிடுகிறேன் என்றார். சரோஜம் இல்லை என்று தலையாட்டினாள்.

“பைசாவாட்டு எங்கிட்ட இல்ல. இருந்தாலும் பைசாவாட்டு வாங்காதீங்க. வாங்கி பாங்குல போட்டா, அது பின்னயும் சுருங்கும். அந்தப் பத்து மரத்துக்க தேங்காய நாலு வருசம் நீங்களே வெட்டிக்கிடுங்க. தேங்கா விலை ஏறினா உங்களுக்கும் ஏறும். நாலு வருசம் கழிஞ்சா மரமும் எனக்கு.”

பஸ் கம்பெனியில் முப்பது வருடம் கணக்கெழுதியவர், மனதில் கூட்டிக் கழித்துப் பார்த்திருப்பார். மரத்துக்கு வருடம் எண்பது காய், பத்து மரம், நாலு வருடம். பத்தாயிரத்துக்குக் கொஞ்சம் குறையலாம், விலை ஏறினால் கூடவும் செய்யலாம். கடைசியில் சரி என்றார். ஆனால் வேறொன்றும் சொன்னார். சுகுமாரியிடம் இதைத் தன்னால் சொல்ல முடியாது, நீயே வந்து சொல் என்றார்.

சரோஜம் அன்று சாயங்காலமே போனாள். சுகுமாரி கேட்டுக்கொண்டாள். பத்து பவனுக்குத் தன்னிடம் பதில் கிடையாது, அதைக் கொடுக்கவும் முடியாது என்று சரோஜம் சொன்னபோது மட்டும், அது தெரியும் என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதன் பிறகு பல மாதம் இரண்டு பேரும் வழியில் பார்த்தால் பேசாமல் கடந்து போனார்கள்.

கோர்ட்டில் சமரசம் பதிவாகி, பாறசாலையில் விடுதலைப் பத்திரம் எழுதி, சாவி கைக்கு வந்தபோது 1995 தைமாதம். திருப்புறத்து வரன் தட்டிப்போனது. அமிர்தா அழுதாளா என்று யாருக்கும் தெரியாது. அவள் காரக்கோணத்தில் ஒரு மருந்துக்கடையில் வேலைக்குச் சேர்ந்து, மறுவருடம் உடன் வேலை பார்த்தவனையே கட்டிக்கொண்டாள். சதானந்தன் அறுபத்துநாலாவது வயதில் மறுபடியும் வேலைக்குப் போனார். பாலராமபுரத்தில் ஒரு நூல் மொத்தக் கடையில் கணக்கு. தினமும் காலை பஸ்ஸில் போய் ராத்திரி திரும்புவார். நிலம் போனதால்தான் அவருக்கு இந்த வயதில் இந்த அலைச்சல் என்று ஊரில் சொன்னார்கள். அது சரோஜத்தின் காதிலும் விழுந்தது. அவள் மறுக்கவில்லை. அதற்காக நிலத்தை எடுத்ததில் வருத்தப்படவும் இல்லை. ஜோஸ்மியிடம் ஒருமுறை சொன்னாளாம், இரண்டு வீட்டுக்கும் போதுமான அளவுக்கு அந்த எட்டாயிரத்தில் ஒன்றும் மிச்சமில்லை என்று.

ஓட்டு வீட்டின் கூரை ஒழுகியது. பொன்னுதாஸ் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கைக்கெட்டிய உயரம்வரை சுவருக்குப் பூச்சுப் பூசினான். மேலே மட்டும் வேறு ஆளைக் கூலிக்கு வைத்தார்கள். சிட்டிப் பணம் மாதாமாதம் போய்க்கொண்டிருந்தது. முதல் வருடம் இருநூற்றைம்பது என்பது ஆறு நாள் கூலியாக இருந்தது. படி ஏறியதால் கடைசி வருடம் அது ஐந்து நாளானது. இந்தப் பக்கத்து ஆலை இன்னும் மூடவில்லை. ஆனால் வேலை நாட்கள் குறைந்துகொண்டே வந்தன. எல்லைக்கு அந்தப் பக்கத்து ஆலையில் பஞ்சப்படி கேட்டுப் பெண்கள் கையெழுத்து வாங்கியபோது, முதல் கையெழுத்து சரோஜத்தினுடையது. அதனால் ஒரு மாதம் அங்கே அவளுக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள். மறுமாதம் திரும்பப் போய் வாசலில் நின்றாள். கை வேகமான ஆள் என்பதால் உள்ளே விட்டார்கள். அந்த வருடக் கடைசியில், படி என்று பெயர் சொல்லாமல், கிலோவுக்குக் கொஞ்சம் கூட்டிக் கொடுத்தார்கள்.

குடிவந்த மறு வாரம், ஒரு சனிக்கிழமை காலையில்தான் முதல் தேங்காய் வெட்டு நடந்தது. மரம் ஏறுகிற விஜயதாஸ் வந்து, மரத்துக்கு மூன்று ரூபாய் என்றான்.

“போன தடவ சதானந்தன் அண்ணனுக்கு ரெண்டு ரூபாக்குத்தானே ஏறின?” என்றாள் சரோஜம்.

“போன தடவ அரி என்ன விலை அக்கா?”

அவள் அவனைப் பார்த்தாள். இத்தனை வருடமும் கூலியின் பக்கம் நின்று கணக்குப் பார்த்தவள், நிலம் கைக்கு வந்த ஒரு வாரத்தில் மறுபக்கம் நின்று பேரம் பேசுகிறாள் என்பது அவளுக்கே உறைத்தது. மூன்று ரூபாயே வாங்கிக்கொள்ளச் சொன்னாள். அப்படியானால் தெற்குப் பக்கத்துப் பத்து மரத்துக்கு யார் தருவார்கள் என்று கேட்டான். அது சதானந்தன் வீட்டுக்காரர்களின் காய், அவர்களிடம் வாங்கிக்கொள் என்றாள்.

சதானந்தன் பாலராமபுரம் போயிருந்தார். சுகுமாரிதான் இரண்டு சாக்குகளோடு வந்தாள். வேலிப் படலைத் திறந்துகொண்டு வந்து, கிணற்றடியில் நின்று, விஜயதாஸ் வெட்டிப் போடுகிற காய்களைப் பொறுக்கித் தனியாகக் குவித்தாள். சரோஜம் வடக்குப் பக்கத்துக் காய்களைக் குவித்தாள். ஒரு காய் உருண்டு இந்தக் குவியலுக்கு வந்தது. சரோஜம் அதை எடுத்து அந்தக் குவியலில் போட்டாள்.

மரத்திலிருந்து விழுந்த காய்ந்த மட்டைகள் தரையெல்லாம் கிடந்தன. சுகுமாரி சாக்கைக் கட்டி முடித்துவிட்டு அவற்றைப் பார்த்தாள்.

“இந்த ஓலைய நான் எடுத்துக்கிடட்டா? அடுப்புக்கு ஒண்ணும் இல்ல.”

பத்திரத்திலும் சமரசத்திலும் காயைப் பற்றித்தான் எழுதியிருந்தது, ஓலையைப் பற்றி இல்லை. சரோஜம் குனிந்து, தெற்குப் பக்கத்து ஓலைகளோடு வடக்குப் பக்கத்து ஓலை நாலையும் சேர்த்துக் கட்டாகக் கட்டினாள். அதைச் சுகுமாரியின் தலையில் தூக்கி வைத்துவிட்டாள்.

“சாக்கு இஞ்ச இருக்கட்டும் அக்கா. விஜயதாஸ் கொண்டு வைப்பான். எனக்கு பஸ்ஸுக்கு நேரமாச்சு.”

அவள் கை கழுவி, சோற்றுப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, களியக்காவிளை பஸ்ஸைப் பிடிக்கப் போனாள். பதினொரு மணிக்கு மேல் போனால் அரை நாள் வேலைக்கும் இல்லாமல் ஆலைக் கதவை அடைத்துவிடுவார்கள்.